துரைப்பழம் ஓடிய இடம்

கொம்பையாவுக்கு முதலில் துரோகம் செய்தவன் துரைப்பழம். இரண்டாவதாகச் செய்தது ஒரு சிடி.

முதலாவதற்கு எட்டு வயது ஆகிறது. இரண்டாவதற்கு நாலு நாள்.

நாலு நாள் துரோகத்தை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு, அவர் கோவில்பட்டியில் ஒரு தையல் கடை வாசலில் வந்து நின்றார்.

கடையின் முன்பாதியில் கணவர் துணி தைத்தார். பலகைத் தடுப்புக்குப் பின்னால் மனைவி கம்ப்யூட்டர் வைத்திருந்தாள். சுற்றுவட்டாரத்துக் கிறிஸ்தவச் சபைகளின் பாட்டு சிடி எல்லாம் அவள் கையில்தான் உருவாயின. பெயர் ஜெபக்கனி. முப்பத்திரண்டு வயது. ஞாயிறு பள்ளியில் பாடம் சொல்வதால் எல்லோருக்கும் அவள் டீச்சர்.

கொம்பையாவுக்கு ஐம்பத்தெட்டு. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். எண்கள் நன்றாகத் தெரியும். எழுத்து, கூட்டிக் கூட்டி வரும். முப்பது வருஷமாகக் கரிசல்காட்டு ஊர்களில் ரேடியோ செட்டு போடுகிறவர்.

சிடியை எடுத்து அவள் மேசையில் வைத்தார்.

"டீச்சர், பாட்டு நிக்கப்படாது. இது நிக்குது."

"எங்க நிக்குது?"

"எல்லா இடத்துலயும்."

அவள் ஸ்டூலைக் காட்டினாள். அவர் உட்காராமலே சொன்னார்.

எட்டு வருஷத்துக்கு முன்னால் அவர் ஊர் அம்மன் கோயில் பங்குனிப் பொங்கலில், பூக்குழி இறங்கித் தீ மிதித்த மாலையில், எழுபத்திரண்டு நிமிடம் இடைவெளி இல்லாமல் பாட்டு ஓடியது. இரண்டு கேசட் டெக், நடுவில் ஒரு மிக்சர். ஒரு பாட்டு முடியுமுன்பே அடுத்த பாட்டை அதே தாளத்தில் கொண்டுவந்து சேர்த்துவிட வேண்டும். பதினைந்து பாட்டு, ஒரே மூச்சு. இப்போதைய பிள்ளைகள் அதை டி.ஜே. மிக்ஸ் என்கிறார்கள். இந்த வருஷப் பொங்கலுக்கு அன்றைய பதிவையே சிடியாக்கி வீட்டுக்கு ஒன்று கொடுப்பதாக ஊர்க் கமிட்டி முடிவு செய்திருந்தது.

பஸ் ஸ்டாண்ட் பக்கத்து பிரவுசிங் சென்டரில் கொடுத்தார். அங்கே அதைப் பதினைந்து துண்டாக நறுக்கி, ஒவ்வொன்றாக ஏற்றிக் கொடுத்துவிட்டார்கள்.

கோயில் திடலில் போட்டுப் பார்த்தார்கள். முதல் பாட்டு முடிந்த இடத்தில் இரண்டு நொடி ஊமையாகிவிட்டது. ஆடிக்கொண்டிருந்தவர்கள் தூக்கிய காலோடு நின்றார்கள். அடுத்த பாட்டு வந்ததும் ஆடினார்கள். மறுபடி ஊமை. மூன்றாவது தடவை அவர்களே எதிர்பார்த்து ஒற்றைக் காலில் கொக்கு மாதிரி நின்று காட்டினார்கள். திடலே சிரித்தது.

கமிட்டித் தலைவர் மட்டும் சிரிக்கவில்லை. பூக்குழிக்குள் ஆள் நடக்கும்போது இப்படி ஆனால் என்ன செய்வீர் என்று கேட்டார்.

சத்தம் நிற்கக் கூடாது என்ற சட்டமே கொம்பையாவுடையது.

"பூக்குழியில முதல் கால் வச்சதுலேர்ந்து கடைசிக் கால் எடுக்கிற வரைக்கும் சத்தம் நிக்கப்படாது, டீச்சர். எவன் செத்தாலும் நிக்கப்படாது. சத்தம் நின்னா சாமி மலையேறிரும். பெறகு கால்ல சூடு தெரிஞ்சிரும்."

ஜெபக்கனி சிடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அப்படியானால் ஏன் நறுக்க வேண்டும், முழுசாக ஒரே பாட்டாக விட்டுவிடலாமே என்றாள்.

கொம்பையா அப்போதுதான் உட்கார்ந்தார்.

"முழுசா விட்டா ஒம்பதாம் நம்பர் வராது. எனக்கு ஒம்பதாம் நம்பர் வேணும்."

இப்போது முதல் துரோகத்துக்கு வந்தார்.

துரைப்பழம் அவருக்குப் பத்து வருஷக் கூட்டாளி. ஒருவர் டெக்கில் நின்றால் மற்றவர் மைக்கில். பிறகு மாறிக்கொள்வார்கள். அன்றைக்கு மாலை லேசான தூறல். மேசையை ஊருணிக்கரையில், பூக்குழியிலிருந்து நூறு கஜம் தள்ளிப் போட்டிருந்தார்கள். முதல் ஆள் இறங்குகிறார் என்று கொம்பையா மைக்கில் சொன்னார். சொல்லி வாய் மூடவில்லை, மைக்கில் கரண்ட் இறங்கி அவரைத் தூக்கி அடித்தது.

"கண்ணை மூடித் தொறந்தேன், டீச்சர். மேசையில ஆளைக் காணும். எனக்கு அடிச்சது தனக்கும் அடிச்சிரும்னு ஓடிட்டான். நான் எந்திரிச்சு ஒத்த ஆளா மிச்சத்தை ஓட்டினேன். நடுவுல ஒரு இமைப்பொழுது பாட்டு நிக்கல. கேசட்டே சாட்சி."

கேசட் என்று அவர் எடுத்து வைத்தது ஒரு வீடியோ கேசட். ஆடியோ கேசட் என்றால் நாற்பத்தைந்து நிமிடத்தில் திருப்பிப் போட வேண்டும் என்று, படமில்லாமல் மிக்சரின் சத்தத்தை மட்டும் அதில் பதிவு செய்திருந்தார்கள். எட்டு வருஷத்தில் இருநூறு தடவையாவது அதை ஊருக்குப் போட்டுக் காட்டியிருப்பார்.

அவருக்கு வேண்டியது இவ்வளவுதான். கரண்ட் அடித்து அவர் அலறிய அந்த இடத்தில் ஒன்பதாம் எண் தொடங்க வேண்டும். அட்டையில் பாட்டுப் பட்டியல் அச்சடிப்பார்கள் அல்லவா? ஒன்பதுக்கு நேரே 'துரைப்பழம் ஓடிய இடம்' என்று இருக்க வேண்டும். எவன் வீட்டில் போட்டாலும், எந்த வேனில் போட்டாலும், ஒன்பதை அமுக்கினால் நேராக அங்கே போய் நிற்க வேண்டும்.

"நானூறு வீடு, டீச்சர்" என்றார்.

ஜெபக்கனி அந்தத் தலைப்பை எழுதிக்கொள்ளவில்லை. எழுந்து போய்க் கணவரின் கழுத்தில் கிடந்த இஞ்ச் டேப்பை உருவிக்கொண்டு வந்தாள். மேசைமேல் நீட்டினாள்.

"இதுல ஒம்பது எங்க இருக்கு, அண்ணாச்சி?"

அவர் விரல் வைத்துக் காட்டினார்.

"எட்டைத் தனியா, ஒம்பதைத் தனியாப் பிரிங்க."

பக்கத்தில் கத்தரிக்கோல் கிடந்தது. கொம்பையா எடுத்தார். ஒரே வெட்டு.

முன்பக்கம் தையல் மிஷின் நின்றுவிட்டது.

ஜெபக்கனி இரண்டு துண்டையும் ஒன்றின்மேல் ஒன்று கொஞ்சம் ஏற்றி, ஒட்டு டேப்பால் ஒட்டி, கணவரிடம் கொடுத்தாள். அவர் ஏற்கெனவே அளந்து வைத்திருந்த துணியை அதனால் அளந்தார். முப்பத்தாறு இஞ்ச் இருந்த துணி முப்பத்தாறே கால் ஆகிவிட்டது.

"இனிமே இதை வச்சுத் தச்சா எந்தச் சட்டையும் எவனுக்கும் சேராது" என்று சொல்லிக் குப்பைக் கூடையில் போட்டார்.

அவள் இன்னொரு இஞ்ச் டேப்பை எடுத்துவந்து கொம்பையாவின் கையில் கொடுத்தாள்.

"எண் போடக் கத்தி வேண்டாம்."

அவர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒன்றிலிருந்து அறுபது வரை. ஒரு இடத்திலும் வெட்டில்லை.

பாட்டு முழுசாகவே இருக்கும் என்றாள். பக்கத்தில் ஒரு பட்டியல் மட்டும் எழுத வேண்டும். ஒன்று இங்கே, இரண்டு இங்கே என்று. மிஷின் அந்தப் பட்டியலைப் பார்த்து எண்ணைப் போடும், பாட்டைத் தொடாது. எழுதும்போதும் நடுவில் நிறுத்தாமல் ஒரே ஓட்டமாக எழுதிவிடும். ஆனால் சிடியில் ஒரு நொடிக்கு எழுபத்தைந்து படி. குறி ஏதாவது ஒரு படியில்தான் விழ வேண்டும். இரண்டு படிக்கு நடுவில் கால் வைத்தால், அந்த இடத்தில் 'டிக்' என்று கேட்கும்.

"படி நான் பார்த்துக்கிறேன். எந்த இடம்னு நீங்கதான் சொல்லணும். சேர்த்தது நீங்க."

ஹெட்போனை அவர் காதில் மாட்டினாள். காகிதத்தையும் பென்சிலையும் தானே வைத்துக்கொண்டாள்.

அன்றைக்கு ஏழு சேர்ப்புகளைக் கேட்டார்கள்.

முதலாவது வந்ததும் கொம்பையா மேசையைத் தட்டினார். "இந்தா. இங்கதான்." அவள் திருப்பிப் போட்டுப் பார்த்தாள். அதே இடம். ஒரு படி முன்னுமில்லை, பின்னுமில்லை.

"இது நான் போட்டது. நான் போட்டா கதவைச் சாத்தினாப்புல இருக்கும்."

இரண்டாவதில் தடுமாறினார். ஒரு இடம் சொன்னார். அங்கிருந்து போட்டால் பழைய பாட்டின் வால் இன்னும் அடியில் ஓடிக்கொண்டிருந்தது. தள்ளிச் சொன்னார். அதற்குள் புதுப் பாட்டு பாதி வந்துவிட்டது.

"இது அவன் போட்டது. எளவு, இப்படித்தான் போடுவான். கல்யாண வீட்டுப் பந்தி மாதிரி. ஒருத்தன் கை கழுவ எந்திரிக்கல, அதுக்குள்ள இன்னொருத்தன் அதே இலைக்கு முன்னால உக்காந்திருப்பான். எங்கயாவது ஒரு குறியைப் போட்டு விடுங்க."

ஜெபக்கனிக்குச் சிரிப்பு வந்தது. காகிதத்தின் ஓரத்தில் முதலாவதற்கு நேரே 'கொ' என்று எழுதினாள். இரண்டாவதற்கு நேரே 'து'.

மூன்றாவது, கதவு. நாலாவது, கதவு. ஐந்தாவது, பந்தி. கொம்பையா ஒவ்வொன்றுக்கும் ஒரு வசவோ ஒரு பெருமையோ சொல்லிக்கொண்டே வந்தார். ஏழு முடிவதற்குள், எது யார் கை என்று ஜெபக்கனியின் கணவருக்கே முன்பக்கத்திலிருந்து தெரிய ஆரம்பித்துவிட்டது.

மறுநாள் மூன்று மணிக்கு வந்தார். அலறலிலிருந்து தொடங்கினார்கள்.

"அம்மன் கோயில் முதல் ஆளு இப்போ பூக்குழியில..." என்று கொம்பையாவின் குரல். பிறகு ஒரு அலறல். பிறகு மைக் விழும் சத்தம். பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது.

"ஒம்பது" என்றார் கொம்பையா.

எண் பாட்டின் நடுவிலல்லவா விழுகிறது என்று அவள் கேட்டாள். விழட்டும் என்றார். அவள் குறித்துக்கொண்டாள்.

அடுத்த சேர்ப்பு வந்தது.

கொம்பையா கையைத் தூக்கினார். தட்டவில்லை. திருப்பிப் போடச் சொன்னார். மறுபடியும் கையைத் தூக்கி, மறுபடியும் இறக்கினார். ஐந்து தடவை கேட்டார்.

"எங்கன்னு பிடிபடல. எளவு, இதுவும் பந்தி" என்றார்.

அவள் எழுதிக்கொண்டாள்.

அதற்கடுத்ததும் பிடிபடவில்லை. அதற்கும் அடுத்ததும் பிடிபடவில்லை. மூன்றாவதற்கு அவருக்குக் கோபமே வந்துவிட்டது. இப்படி இழுத்துப் போட்டால் மனுஷன் எங்கேதான் குறி வைப்பான் என்றார். ஒழுங்காகத் தொழில் படித்திருந்தால் இப்படிப் போடுவானா என்றார்.

ஜெபக்கனி காகிதத்தை அவர் பக்கமாகத் திருப்பி வைத்தாள்.

ஓரத்தில் எழுத்துக்கள் கீழ்நோக்கி வரிசையாக நின்றன. கொ. து. கொ. கொ. து. கொ. து. அதற்குக் கீழே ஒரு கோடு. கோட்டுக்குப் பக்கத்தில் ஒன்பது. கோட்டுக்குக் கீழே:

து.

து.

து.

அந்த இரண்டு எழுத்தையும் கொம்பையா கூட்டாமலே வாசிப்பார்.

முதலில் சிரித்தார். தப்பாக எழுதிவிட்டீர்கள் டீச்சர் என்றார். கோட்டுக்குக் கீழே இருப்பதெல்லாம் தன்னுடையது, அப்போது அங்கே வேறு ஆளே கிடையாது என்றார்.

கரண்ட் அடித்த கை, நடுங்கியிருக்கும், அதனால் இழுத்திருக்கும் என்றார்.

அவள் ஒன்று மட்டும் கேட்டாள்.

"கீழ விழுந்து எவ்வளவு நேரத்துல எந்திரிச்சீங்க, அண்ணாச்சி?"

"கண்ணை மூடித் தொறந்தேன்."

அவள் சுவர்க் கடிகாரத்தைக் காட்டினாள். நாலு மணி பத்து நிமிடம். ஹெட்போனின் சத்தத்தைக் கூட்டினாள். அலறலிலிருந்து போட்டாள். உங்கள் குரல் மறுபடி வரும்போது கையைத் தூக்குங்கள் என்று மட்டும் சொன்னாள்.

அலறல்.

மைக் விழுந்தது.

பாட்டு.

கொம்பையா கையை முழங்காலில் தயாராக வைத்திருந்தார்.

பாட்டு.

நாலு பன்னிரண்டு.

இருநூறு தடவை போட்ட கேசட். அவர் எப்போதும் அலறல் வரை கேட்பார். பிறகு ஆட்களிடம் கதை சொல்ல ஆரம்பித்துவிடுவார். தன் குரல் மறுபடி வரும்போது கதையை நிறுத்தி, விரலை உயர்த்துவார். நடுவில் ஓடியது சும்மா பாட்டு. அதை யார் கேட்டார்கள்?

நாலு பதிமூன்று.

முதல் பந்தி வந்தது. இரண்டு பாட்டும் ஒன்றாக ஓடின. ஓடிக்கொண்டே இருந்தன. அடியில் என்னவோ இருந்தது.

அவர் ஹெட்போனைக் காதோடு அழுத்தினார்.

கீழே விழுந்த மைக்கை யாரும் அணைக்கவில்லை. அது மேசைக்கு அடியில் விழித்துக்கொண்டே கிடந்திருக்கிறது. எட்டுக் குழாய் ஸ்பீக்கரும் முழங்கும்போது ஒருவருக்கும் கேட்டிருக்காது. காதுக்குள் கேட்டது.

'அண்ணே.'

பிறகு ஒன்றுமில்லை. ஒரு பாட்டு மட்டும் ஓடியது.

நாலு பதினாறு. இரண்டாவது பந்தி.

'அண்ணே, எந்திரிங்கண்ணே.' கன்னத்தில் தட்டும் சத்தம். ஒன்று, இரண்டு, மூன்று. தாளத்தோடு சேராத தட்டு. அதனால்தான் தனியாகக் கேட்டது.

நாலு பத்தொன்பது. மூன்றாவது.

'இன்னும் பத்துப் பேருதாண்ணே. நிப்பாட்டப்படாதுல்லா. பொறுத்துக்கோங்கண்ணே. பத்தே பேரு.'

நாலு இருபதில் பெண்களின் குலவை தூரத்திலிருந்து கேட்டது. கடைசி ஆள் பூக்குழியை விட்டு ஏறியதும் போடுகிற குலவை. அது அடங்குமுன் மண்ணில் யாரோ ஓடும் சத்தம் மைக்குக்குப் பக்கத்தில் கேட்டுத் தேய்ந்தது.

பாட்டு தனியாக ஓடியது.

நாலு இருபத்தொன்று. கொம்பையாவின் குரல் எட்டுக் குழாயிலும் வந்தது.

'ஓடிட்டான்யா! கூட நின்ன பய ஓடிட்டான்! ஏலே துரைப்பழம், இனிமே என் செட்டு நெழல்ல நீ ஒதுங்கப்படாது!'

கொம்பையா கையைத் தூக்கவில்லை.

ஜெபக்கனி நிறுத்தினாள். ஹெட்போனை அவர் கழற்றவில்லை. அவள்தான் கழற்றினாள். அவர் காது இரண்டும் சிவந்திருந்தன.

தண்ணீர் கேட்டார். அவள் கணவர் சொம்பில் கொண்டுவந்து கொடுத்தார்.

"பதினோரு நிமிசம்" என்றார் கொம்பையா.

"ஆமா."

"நான் கண்ணை மூடித் தொறந்தேன்."

"ஆமா."

அவர் சொம்பைக் கீழே வைத்துத் தலையைத் தூக்கியபோது, முகத்தில் பழைய கோபம் ஏறியிருந்தது. அதற்கு இப்போது புது இடம் கிடைத்திருந்தது.

"அப்ப அங்கனயே இருந்திருக்கான். இருந்துக்கிட்டு பாட்டு போட்டிருக்கான். நான் பொணமாட்டம் கெடக்கேன். அவன் பாட்டு போடுதான், டீச்சர்."

"நிறுத்தியிருக்கணுமா?" என்று கேட்டாள் ஜெபக்கனி.

முன்பக்கம் மிஷின் ஓட ஆரம்பித்தது. ஒரு சட்டையின் முழுக் கையும் தைத்து முடிகிற அளவுக்கு அவர் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

பிறகு அவள் பென்சிலை எடுத்தாள். மூன்று இடத்திலும் குறியை எங்கே வைக்கட்டும் என்று கேட்டாள்.

தனக்குத் தெரியாது என்றார்.

"நீங்க போட்டதில்ல. போட்டவர்கிட்டக் கேட்டுட்டு வாங்க."

துரைப்பழம் எங்கே இருக்கிறான் என்று கொம்பையாவுக்குத் தெரியும். எட்டையபுரம் சாலையில் புரோட்டாக் கடை. எட்டு வருஷமாக அந்தக் கடை முகத்தில் விழிக்கக் கூடாதென்று, பஸ்ஸில் போனால்கூட மறுபக்கம்தான் உட்காருவார்.

அன்றைக்கு நடந்தே போனார். காகிதம் மஞ்சள் பைக்குள் இருந்தது.

பொழுது சாயவில்லை. கல்லை அப்போதுதான் சூடாக்கியிருந்தான். துரைப்பழத்துக்குத் தலை நரைத்துவிட்டது. மாவு உருண்டையைத் தட்டிக்கொண்டிருந்தவன் நிமிர்ந்து பார்த்தான். கை நிற்கவில்லை.

வாங்க என்று சொல்லவில்லை. போங்க என்றும் சொல்லவில்லை.

கொம்பையா பெஞ்சில் உட்கார்ந்தார். வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தது ஒன்றும் வாயில் வரவில்லை. தொழில்தான் வந்தது.

"சிடி போடுதாங்க. மூணு சேர்ப்புல குறி எங்க வைக்கன்னு தெரியல."

எந்த மூன்று என்று துரைப்பழம் கேட்கவில்லை.

மாவை விசிறினான். அது காற்றில் விரிந்து கல்லில் வந்து படுத்தது.

"அதுல குறி வைக்காதீங்க. ஒரே நம்பரா விட்டுருங்க" என்றான்.

கொம்பையா சத்தமாகக் கேட்டார்.

"எட்டு வருசம் ஏம்லே சொல்லல?"

துரைப்பழம் புரோட்டாவைத் திருப்பிப் போட்டான்.

"மைக்கு உங்க கையிலல்லா இருந்துச்சு."

சாப்பிட வந்த ஒருவர் சால்னா கேட்டார். துரைப்பழம் ஊற்றிக் கொடுத்தான். கொம்பையா பெஞ்சின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு மைக்கில் அடித்தது இவ்வளவு தூரம் உள்ளே போகவில்லை.

சாப்பிட்டவர் எழுந்து போனார்.

"கடைசிக் கால் எடுத்த பெறகு எங்க ஓடுன?" கொம்பையாவின் குரல் இறங்கியிருந்தது.

"சோடா வாங்க."

"யாருக்கு?"

துரைப்பழம் கல்லில் எண்ணெய் விட்டான்.

"வாங்கினியா?"

"வாங்கி, உடைச்சு, கையில வச்சுக்கிட்டு ஓடியாந்தேன். ஊருணி மேட்டுல ஏறும்போது உங்க சத்தம் கேட்டுச்சு. எட்டுக் குழாய்லயும்."

கல்லில் எண்ணெய் பொரிந்தது.

"பெறகு?"

"அங்கன ஒரு கல்லு மேல வச்சிட்டுப் போயிட்டேன்."

கொம்பையா தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். துடைத்து முடித்தபோது மறுபடியும் பழைய கொம்பையாவாகவே இருந்தார்.

"அப்ப எனக்கு ஒரு சோடா பாக்கி வரணும்" என்றார்.

துரைப்பழத்தின் காலடியில் சோடாப் பெட்டி இருந்தது. நிறைந்த பெட்டி.

அவன் குனியவில்லை. அடுத்த உருண்டையை எடுத்துத் தட்ட ஆரம்பித்தான்.

கொம்பையாவும் எழுந்திருக்கவில்லை.